இரண்டு சாவியும் கையில் இருக்கட்டும்

அலுவலகத்தை மாற்றுவது என்று முடிவானதும் பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் லாரி வாடகை விசாரிக்கின்றன. அடுத்து நல்ல நாள் பார்க்கின்றன. அந்த நாளுக்கு முந்தைய மாலை வரை பழைய இடத்தில் வேலை, மறுநாள் காலை முதல் புதிய இடத்தில் வேலை என்று திட்டம் எழுதப்படுகிறது. தாளில் அது அழகாகத்தான் இருக்கும். நடைமுறையிலோ இணைய இணைப்பு வர நான்கு நாளாகிறது, கூடுதல் மின்பளு கேட்டுக் கொடுத்த மனு நிலுவையில் கிடக்கிறது, சம்பளக் கணக்கு இருக்கும் கணினி எந்தப் பெட்டியில் போனது என்று யாருக்கும் தெரிவதில்லை, வாடிக்கையாளர் பழைய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். இத்தனைக்கும் காரணம் ஒன்றே: பழைய இடத்தை விடுவதும் புதிய இடத்தைத் தொடங்குவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்ற எண்ணம். இந்த அத்தியாயம் அதற்கு நேர்மாறான வழியைச் சொல்கிறது. குறைந்தது ஒரு மாதமாவது இரண்டு இடங்களின் சாவியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் வேலை பகுதி பகுதியாக நகர வேண்டும். சென்னையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ தென்காசியை அடுத்த ஆய்க்குடிக்கு வருகிற நிறுவனத்துக்கும் இது பொருந்தும்; தென்காசிப் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி வருகிற சிறு கணக்கர் அலுவலகத்துக்கும் பொருந்தும்.

அனுபவம் காட்டும் வழி

இந்த வட்டாரத்திலேயே கண்ணெதிரே நிற்கும் சான்று தென்காசியை அடுத்த மத்தளம்பாறை. சென்னையில் வேரூன்றிய ஸோஹோ நிறுவனம் 2011-இல் இங்கே ஒரு சிறு அலுவலகத்தைத் தொடங்கியது. சென்னையில் இருந்ததை மூடிவிட்டு வரவில்லை. அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இங்கே சிலரைக் கொண்டு தொடங்கி, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துப் பழக்கி, பிறகே பெரிதாக வளர்ந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான அதன் ‘ஸோஹோ டெஸ்க்’ மென்பொருள் இந்தத் தென்காசி அலுவலகத்தில்தான் உருவானது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் மத்தளம்பாறைக்கே குடிவந்தார். அதாவது அலுவலகம் எட்டு ஆண்டு நடந்து பழகிய பிறகுதான் தலைவர் வந்தார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சிறு குழு, அடுத்து ஒரு முழுமையான பொறுப்பு, அதன் பிறகே மற்றவை. மின்சாரமும் இணையமும் எப்படியிருக்கும், ஆட்கள் கிடைப்பார்களா, வந்தவர்கள் நிலைப்பார்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் கையைச் சுடாத அளவில் விடை கிடைத்தது. அது பெரிய நிறுவனம், அவர்களுக்குக் கட்டுபடியாகும் என்று சொல்வார்கள். ஆனால் தவறு செய்தால் தாங்கும் வலு பெரிய நிறுவனத்துக்குத்தான் அதிகம். அவர்களே சோதித்துப் பார்த்து நகர்ந்திருக்கும்போது, ஒரு வார முடக்கத்தையே தாங்க முடியாத சிறு நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கலாமா?

அரசு அலுவலகங்களும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. திருநெல்வேலியிலிருந்து தென்காசியைத் தனி மாவட்டமாகப் பிரிக்கும் அறிவிப்பு 2019 ஜூலையில் வந்தது. மாவட்டம் முறைப்படி தொடங்கியது நவம்பர் 22 அன்று. இடைப்பட்ட நான்கு மாதங்களில் இதற்கென்றே தனி அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டு, பிரிக்கும் வேலை அவர் பொறுப்பில் நடந்தது. அவரே முதல் ஆட்சியராகவும் ஆனார். நிரந்தரக் கட்டடம் எழும்பும்வரை மாவட்டம் காத்திருக்கவில்லை. கிடைத்த கட்டடத்தில் வேலையைத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து ஒரு சான்று வேண்டுமென்றால், லண்டனிலிருந்து சால்ஃபர்டுக்கு பி.பி.சி. தன் விளையாட்டு, சிறுவர் நிகழ்ச்சி முதலான பிரிவுகளைக் கொண்டுபோனதைச் சொல்லலாம். 2011-இல் தொடங்கிய அந்த நகர்வு ஒவ்வொரு பிரிவாக நடந்தது. தினமும் விடியற்காலையில் நேரலையில் வரவேண்டிய காலை நிகழ்ச்சி 2012 ஏப்ரலில்தான் புதிய இடத்திலிருந்து ஒளிபரப்பானது. ஒரு நிமிடம்கூட நின்றுவிடக் கூடாத வேலை எதுவோ அது, மற்றவை பழகிய பிறகு நகர வேண்டும். உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு வேலை இருக்கும். அது எது என்று கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் திட்டத்தின் முதல் வரி.

ஆட்கள் எப்படி வந்து சேர்வார்கள்

இடம் தயாராக இருப்பதும் அந்த இடத்துக்கு ஆட்கள் வந்துசேர முடிவதும் வேறு வேறு. சென்னையில் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது இது நன்றாகவே தெரிந்தது. கட்டடம் விசாலமாக, வசதியாக இருந்தது. ஆனால் பக்கத்தில் வரவேண்டிய ரயில் நிலையம் முடியவில்லை. நகருக்குள் இருந்த பழைய கோயம்பேடு நிலையத்தில் இறங்கிப் பழகியவர்கள் மூட்டை முடிச்சோடு நகருக்குள் போகத் தவித்தார்கள். ஆய்க்குடியில் கட்டடம் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். உங்கள் பணியாளர் ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வருகிறார், எத்தனை பேருந்து மாறுகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சுரண்டை, சாம்பவர் வடகரைப் பக்கத்தாருக்கு ஆய்க்குடி அருகில். செங்கோட்டை, இலஞ்சியிலிருந்து வருபவர் தென்காசியைத் தாண்டி வர வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனவே உங்கள் தெருமுனைக்கு வருவது எந்த வகைப் பேருந்து, மாலையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பவை ஒரு பெண் பணியாளர் தொடர்வதா விலகுவதா என்பதையே தீர்மானிக்கக்கூடும். இதையெல்லாம் கால அட்டவணையைப் பார்த்து அறிய முடியாது. நாலைந்து பேர் இரண்டு வாரம் உண்மையாகவே வந்துபோய்ப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு சாவி வைத்திருக்கும் மாதம் அதற்கு இடம் தருகிறது.

வாசல்வரை வந்தவர் உள்ளே நுழைய முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. ஆய்க்குடியில் இது ஒப்புக்குக் கேட்கும் கேள்வியாக இருக்க முடியாது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இந்த ஊரில்தான் இருக்கிறது. சிறு அளவில் தொடங்கி, மறுவாழ்வு, பள்ளி, தொழிற்பயிற்சி என்று விரிந்த அந்த வளாகத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், நிர்வாகமும் செய்கிறார்கள். திறமையான மாற்றுத்திறனாளிகள் இவ்வளவு அருகில் இருக்கும் ஊரில் படியேறினால்தான் அலுவலகம் என்றிருப்பது நல்ல ஆட்களை நாமே திருப்பி அனுப்புவதாகும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் நோக்கத்துக்கும் அது எதிரானது. அளவு எளியது. வாசல் தரையைவிட ஓர் அடி உயரமென்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். கதவின் திறப்பு 90 செ.மீ. வேண்டும், கழிவறைக்குள் நாற்காலி திரும்ப இடம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இவற்றைச் செய்துதரச் சொல்லிக் கேளுங்கள். மேசை நாற்காலி எல்லாம் வந்து இறங்கிய பிறகு கொத்தனாரை வரவழைத்தால் செலவு இரட்டிப்பாகும். ஆட்கள் வருமுன் இடம் காலியாக இருக்கும்போதே செய்தால் தூசியும் சத்தமும் யாரையும் தொடாது.

எந்த மாதம், எந்த வாரம்

தென்காசிக்குத் தனியான காலக்கணக்கு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வீசும், சாரல் இறங்கும், சனி ஞாயிறுகளில் தென்காசி–குற்றாலம் சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும். அட்டைப் பெட்டியும் கணினியும் ஏற்றிய திறந்த வண்டிக்கு அது ஏற்ற காலமில்லை. ஆடியில் இடம் மாறக் கூடாது என்ற வழக்கம் இங்கே சீசனின் உச்சத்தோடு பொருந்திப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள். மிஞ்சுவதில் தையும் மாசியும் வறண்ட, வசதியான மாதங்கள். பங்குனியில் நிதியாண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி வந்துவிடும். ஆனால் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வரும் பணியாளருக்குத் தையில் பிள்ளைகளைப் பள்ளி மாற்ற முடியாது. அவருக்கு மே மாதம்தான் வழி. ஒரே நாளில் எல்லோரும் மாற வேண்டும் என்றால் இந்த முடிச்சு அவிழவே அவிழாது. தையில் முன்குழு வந்து வேலையைத் தொடங்கி, குடும்பஸ்தர்கள் மே மாதம் சேர்ந்துகொண்டால் யாருக்கும் இடைஞ்சலில்லை. மாதத்துக்குள் வாரத்தையும் பார்க்க வேண்டும். 7-ஆம் தேதி வருமான வரிப் பிடித்தம் கட்ட வேண்டும், 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விற்பனை விவரம், 15-ஆம் தேதி வைப்புநிதி, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. மாதக் கணக்கு, மாதக் கடைசியில் சம்பளம். கணக்குப் பிரிவை நகர்த்த 21-க்கும் 27-க்கும் இடைப்பட்ட நாட்களே பொருத்தம்.

மின்சாரம், இணையம், காகிதம்

புதிய இடத்தில் ஒரு மாதம் முழுக்க வேலை நடந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் மின்சாரம். ஒவ்வொரு துணைமின் நிலையத்திலும் மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக ஒரு நாள் பகலில் பல மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படும். ஒரு மாதம் இருந்தால் அந்த ஒரு நாளையும் நீங்கள் பார்த்துவிடுவீர்கள். யு.பி.எஸ். எத்தனை மணி நேரம் தாங்குகிறது, ஜெனரேட்டர் ஓடும்போது தொலைபேசியில் பேச முடிகிறதா, இணையப் பெட்டிக்கு மின்சாரம் போகிறதா என்பவையெல்லாம் அன்று அம்பலமாகும். மும்முனை இணைப்பும் வணிகக் கட்டண மாற்றமும் தேவையென்றால் மனுவை இடம் முடிவான அன்றே கொடுங்கள். இணையத்துக்கு ஒரே கம்பியை நம்பாதீர்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகள் வேண்டும், முடிந்தால் அவை வெவ்வேறு கம்பங்கள் வழியாக வர வேண்டும். காற்றுக்காலத்தில் ஒரே கிளை முறிந்து இரண்டையும் அறுத்துவிட்டால் இரண்டு இணைப்பு வாங்கியும் பயனில்லை. தரவுகளின் நகலை மூன்று இடத்தில் வையுங்கள். அவற்றில் ஒன்று இரண்டு அலுவலகத்திலும் இல்லாமல் வேறெங்காவது இருக்கட்டும். நகல் எடுத்தால் மட்டும் போதாது, புதிய இடத்துக் கணினியில் அதைத் திறந்து, போன மாதக் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே பழைய சர்வரில் கை வையுங்கள்.

காகித வேலையும் இரண்டு சாவி முறைக்கு இசைந்தே அமைந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவில் புதிய இடத்தை முதலில் கூடுதல் தொழிலிடமாகச் சேர்க்கலாம். பிறகு அதையே முதன்மை இடமாக மாற்றலாம். மாற்றம் நடந்த 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கேரளத்திலிருந்து கணவாய் தாண்டி வருபவர்களுக்கு இது போதாது; மாநிலம் மாறினால் புதிய பதிவே வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் பதிவு அலுவலகத்தை அதே ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோகச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், 30 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும் என்று 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டம் சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்தால் தொழிலாளர் துறைப் பதிவையும் கவனியுங்கள். பலர் மறப்பது காப்பீடு: தீ விபத்துப் பாலிசி முகவரியோடு கட்டுண்டது. பொருள்கள் இரண்டு இடத்தில் இருக்கும் மாதத்தில் இரண்டு முகவரியும் பாலிசியில் இருக்க வேண்டும். பழைய பகுதித் தபால் நிலையத்தில், கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும்படி எழுதிக் கொடுங்கள்.

வண்டி ஏறும் நாள்

பகுதி பகுதியாக நகர்ந்தால் பெரிய லாரியே தேவைப்படாமல் போகலாம். மாவட்டத்துக்குள் மாறுபவர்களுக்குக் குட்டியானை வண்டி நாலைந்து நடை போதும். ஒவ்வொரு நடையிலும் ஒரு பிரிவின் பொருள்கள் மட்டும் போக வேண்டும். பெட்டியின் மேல்புறத்தில் எழுதினால் அடுக்கியதும் மறைந்துவிடும். இரண்டு பக்கவாட்டில் அறை எண், ஆளின் பெயர், வரிசை எண் மூன்றையும் எழுதுங்கள். வரிசை எண்ணுக்கு நேரே உள்ளே இருப்பது என்ன என்பது நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். கணினியின் பின்பக்க ஒயர்களைக் கழற்றுமுன் படம் எடுத்து, அந்தந்த ஒயரை அந்தந்தக் கணினியோடு ஒரே பையில் போடுங்கள். கழற்றியவரே போய் மாட்ட வேண்டும். சொந்தப் பொருள்தானே என்று சீட்டு இல்லாமல் அனுப்பாதீர்கள். விற்பனை இல்லாவிட்டாலும் டெலிவரி சலான் வேண்டும். தமிழகத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் மாநிலம் கடந்தால் 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் தேவை. வானம் தெளிவாக இருந்தாலும் தார்ப்பாய் போட்டே அனுப்புங்கள். ஹார்டு டிஸ்க், காசோலைப் புத்தகம், பத்திரங்கள் ஆகியவை வண்டியில் ஏறக் கூடாது. பொறுப்பானவர் கையோடு எடுத்துவர வேண்டும்.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு இரட்டை வாடகை. கணக்குக்காக, 20 பேர் பணிபுரியும் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். சராசரிச் சம்பளம் 20,000 ரூபாய், மாதம் 25 வேலைநாள் என்றால் ஒரு நாள் சம்பளம் மட்டும் 16,000 ரூபாய். நான்கு நாள் முடங்கினால் 64,000 ரூபாய் வீண். தவறிய ஆர்டரும் மனம் கசந்த வாடிக்கையாளரும் இதில் சேரவில்லை. பழைய இடத்தின் ஒரு மாத வாடகை 40,000 என்றாலும் இரண்டு சாவி வைத்திருப்பதே மலிவு. முடக்கம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டால் கணக்கு மாறும் என்பது உண்மைதான். ஆனால் அது இரண்டு நாளில் தீருமா, பத்து நாளாகுமா என்பது உங்கள் கையில் இல்லை. வாடகையோ எவ்வளவு என்று தெரிந்த செலவு. அடுத்தது நல்ல நாள் பற்றியது. பால் காய்ச்சுவதும் கணபதி ஹோமமும் குறித்த நாளில், எல்லோரும் கூடியிருக்க, நிறைவாக நடக்கட்டும். அன்று சாமி படமும் முதலாளியின் நாற்காலியும் முதல் கணக்குப் புத்தகமும் போனால் குடிபோனதாயிற்று. கோப்பும் கணினியும் அன்றே போயாக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் கேட்கவில்லை.

இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பம் வரும், பொறுப்பைத் தட்டிக்கழிப்பார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது, எனவே இதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய மாவட்டத்துக்குத் தனி அலுவலர் இருந்ததுபோல் உங்கள் நகர்வுக்கும் ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும்; அந்த மாதம் அவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. எந்த வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்ற பட்டியல் திங்கட்கிழமைதோறும் இரண்டு சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். ஒரே வேலை இரண்டு இடத்திலும் பாதிப் பாதியாக நடக்க விடாதீர்கள்; குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. கடைசி மறுப்பு, சில வேலைகளைப் பிரிக்கவே முடியாது என்பது. அச்சு இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது, பணம் வாங்கும் கவுன்ட்டர் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது ஒரே இரவில் போய்த்தான் ஆக வேண்டும். அப்போதும் அதற்கு அடித்தளம் போடுவது, மின்சாரம் இழுப்பது, காகிதக் கையிருப்பை முன்கூட்டியே கொண்டுபோவது, வாடிக்கையாளருக்குச் சொல்வது எல்லாம் முந்தைய வாரங்களிலேயே முடியும். அந்த ஓர் இரவில் இயந்திரம் மட்டும் போனால் போதும்.

பழைய இடத்தை எப்போது விடலாம்

இரண்டு இடத்தையும் முடிவில்லாமல் வைத்திருப்பதும் தவறுதான். ஆகவே தேதியை மட்டும் குறிக்காமல், எவையெவை நடந்து முடிந்தால் பழைய இடத்தைக் காலி செய்யலாம் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். ஒரு மாதச் சம்பளம் புதிய இடத்திலிருந்து போட்டிருக்க வேண்டும். ஒரு மாத ஜி.எஸ்.டி. கணக்கு அங்கிருந்தே தாக்கல் ஆகியிருக்க வேண்டும். ஒரு பராமரிப்பு மின்தடை நாளை வேலை நிற்காமல் கடந்திருக்க வேண்டும். முக்கிய வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் புதிய முகவரிக்கு ஒருமுறையாவது எழுதியோ வந்தோ இருக்க வேண்டும். தூரத்து ஊர்ப் பணியாளர் இரண்டு வாரம் தவறாமல் வந்து போயிருக்க வேண்டும். இந்த ஐந்தும் நிறைவேறிய மறுநாள், பழைய இடத்தின் உரிமையாளரோடு சேர்ந்து சுவர், மின்மானி, பூட்டு எல்லாவற்றையும் பார்த்து, முன்பணத்தை வாங்கி, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து பெற்றுக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒன்று நிறைவேறாவிட்டாலும் இன்னொரு மாத வாடகை கொடுங்கள். அந்தத் தொகையைத் திட்டச் செலவில் முதலிலேயே எழுதிவிட்டால் கொடுக்கும்போது கை கூசாது.